வெள்ளைக் கோப்பீவே படர்ந்த பள்ளம்

வேகா ஓண்டா
27 ஏப்ரல் 2011

ஒனோஃப்ரே மரிலேயோ அவர்களுக்கு,

நேற்று மாலை வரை உறுதியானது இது: நம் மலைச்சரிவில் கிடைத்த எலும்புகள் மனிதனுடையவை, வளர்ந்த ஆணுடையவை. கோன்டுல்மோ காவல் நிலைய சார்ஜெண்ட் ரிகெல்மே குதிரையில் ஏறி வந்து சொன்னார். கோன்செப்சியோன் நகரத் தடயவியல் மருத்துவர் கையெழுத்திட்ட தாள் அவரிடம் இருந்தது. நானே வாங்கிப் படித்தேன். எந்தச் செய்தியைச் சொன்னாலும் "யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது பத்திரிகைக்காரரான உங்கள் வழக்கம். ஆகவே அதிலேயே தொடங்குகிறேன்.

யாருடையவை என்பது உறுதியாகவில்லை. உங்கள் அண்ணன் லிசாந்த்ரோவுடையவை என்று நான் நினைக்கிறேன். அவர் இந்த வீட்டிலிருந்து இறங்கிப் போய் வருகிற மே மாதத்தோடு பதினேழு வருடம்.

கிடைத்த இடம் பூரேனுக்குப் போகும் பழைய மலைப்பாதையில் உள்ள பள்ளம். நீங்கள் தெற்கே போன பிறகு அதற்கு 'வெள்ளச்சி பள்ளம்' என்று பெயர் வந்துவிட்டது. இலையுதிர் காலத்து மாலைகளில் அங்கே மரத்திலிருந்து வெள்ளையாக ஒருத்தி தொங்குகிறாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காளான் பொறுக்கப் போகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதை மூடிவிட்டது. போன வருடத்துப் பூகம்பத்தில் வெடித்த சரிவு இந்த மழையில் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஓர்ஃபெலினாவின் பசு அதில் மாட்டிக்கொண்டது.

"பேய்க்குப் பயந்து பசுவ விட்டுட்டு வந்தா, என் வீட்டுக்காரன் என்னையே பேயாக்கிருவான்டி" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவள், மேலே பார்த்திருக்கிறாள். பிறகு கீழே பார்த்திருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மாத்தே இலைத் தேநீர் கொடுத்தேன். உறிஞ்சும் குழலை வாயில் வைத்தவள் குடிக்காமல் எடுத்துவிட்டாள்.

"வெள்ளச்சி இல்லடி எர்சிலியா. பூவுடி. உன் வீட்டுப் பூவு. அதுக்கு அடியில ஒரு பூட்ஸு இருக்கு. பூட்ஸுக்குள்ள..."

மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் போய்ப் பார்த்தேன். ஓலிவியோ மரத்தின் உச்சி வரை ஏறியிருக்கிறது கொடி. பூ வெள்ளை, தொண்டையில் மட்டும் விரல் பட்ட மாதிரி ஒரு ரோஜா நிறம். நம் நாவெல்பூட்டா மலை முழுக்கச் சிவப்புக் கோப்பீவேதான். வெள்ளை அபூர்வம். இந்த ரோஜாத் தொண்டை என் அம்மாவின் கொடி ஒன்றுக்குத்தான் உண்டு. அதன் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது, சிவப்போ வேறெதுவோ பூக்கும். அதே பூ வேண்டுமானால் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போட வேண்டும். வேர்விட இரண்டு வருடம். என் வீட்டிலிருந்து அப்படி வெளியே போனது ஒரே ஒரு பதியம், பன்றிக்கொழுப்பு டப்பாவில். அது போன அன்றுதான் அவரும் போனார்.

"அம்மா, பூவ வச்சு ஆள அடையாளம் சொல்ல சட்டத்துல எடமில்ல" என்கிறார் சார்ஜெண்ட். ரத்த சம்பந்தம் உள்ளவர் வேண்டுமாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் அப்பா அம்மா இருவரும் இல்லை. நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் அம்மாவின் அடக்கத்தன்று, ஊரார் நடுவே, "பதியத்தோடு போனவன் வேறொருத்தி வாசலில் நடத்தான் போயிருப்பான், இவள் செடியைக் கட்டிக்கொண்டு அழட்டும்" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதவில்லை. இப்போதும் அதைப் பேச எழுதவில்லை. பூன்டா அரேனாஸ் மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்வார்களாம். ஒரு குப்பி ரத்தம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எர்சிலியா

*

பூன்டா அரேனாஸ்
11 மே 2011

அண்ணி,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் என்னை 'அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். எனக்கு வேறு மாதிரிக் கூப்பிடத் தெரியவில்லை.

முப்பது வருடம் செய்தி எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன். உறுதியானது என்ன? ஓர் ஆண். ஒரு பூட்ஸ். நாவெல்பூட்டாவில் மரம் வெட்டப் போய், குடித்துவிட்டு விழுந்து, கணக்கில் வராமல் போன ஆண்கள் எத்தனை பேர்? எல்லோரும் பூட்ஸ்தான் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோப்பீவே உங்கள் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது என்பதற்குச் சாட்சி நீங்கள் ஒருவர். எங்கள் ஆசிரியர் மேசையில் இதை வைத்தால், "பூவு சொல்லிச்சுன்னு தலைப்புப் போடவா?" என்று கேட்டிருப்பார்.

என்னிடம் இருப்பது இதைவிடக் கெட்டியானது. 1997இல் எல்லைக்கு அப்பால், அர்ஜென்டினாவின் எஸ்கெல் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்ணால் பார்த்தேன். இடது தோள் தாழ்ந்த நடை. தொப்பியைப் பின்னால் தள்ளி வைக்கும் விதம். உங்களுக்கு அப்போதே எழுதினேன். நீங்கள் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அவன் மறுபடி கண்ணில் படுவானோ என்று, ஒரு பேருந்தை வேண்டுமென்றே தவறவிட்டிருக்கிறேன்.

அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. எங்கோ ஆட்டுப் பண்ணையில் இருப்பான். கோபக்காரன், வெட்கக்காரன். திரும்பி வர வழி தெரியாமல் இருப்பான். நான் ரத்தம் கொடுத்தால், அவன் உயிரோடு இருக்கும்போதே அவனைப் பெட்டிக்குள் தேடுவதற்குச் சம்மதித்ததாக ஆகும். என் நோரா இறந்த பிறகு இந்த வீட்டில் காற்று மட்டும்தான் பேசுகிறது. அந்தக் காற்றில் கதவு அசைந்தால் அவனோ என்று எழுந்து போகிறேன். அதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேறு உதவி வேண்டுமானால் கேளுங்கள்.

ஒனோஃப்ரே

*

வேகா ஓண்டா
2 ஜூன் 2011

ஒனோஃப்ரே அவர்களுக்கு,

எஸ்கெல் பற்றி நீங்கள் எழுதியபோது நான் பதில் போடாததற்குக் காரணம் சொல்கிறேன். நான் அதை நம்பினேன். அவர் அங்கே இருக்கிறார், இங்கே வர விருப்பமில்லை என்று நம்பினேன். அதற்கு என்ன பதில் எழுதுவது?

உங்கள் வீட்டில் கதவு. என் வீட்டில் தரை. கோப்பீவேயின் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தாய்க்கொடி வெளிச்சுவரில் இருக்க, அவர் போன அடுத்த வசந்தத்தில் சமையலறைப் பலகை இடுக்கில் ஒரு தளிர் வந்தது. வெளிச்சம் படாததால் வெளுத்து, பிணத்தின் விரல் மாதிரி. அவருடைய நாற்காலி கிடந்த இடம். நாற்காலியை நகர்த்தினேன். வருடா வருடம் வருகிறது. ஓர்ஃபெலினா, "நறுக்கி எறிடி, வீட்டுக்குள்ள கூப்புடாத ஆளு வர்ற மாதிரி இருக்கு" என்கிறாள். நான் நறுக்குவதில்லை. நத்தை தின்றுவிடாமல் சுற்றி மரத்தூள் போட்டு வைக்கிறேன். சில சாயங்காலம் கொட்டகைப் பக்கம் அவருடைய சீட்டி கேட்கும். வெளியே போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

ஆதாரம் உள்ளவற்றைச் சொல்கிறேன். டப்பா கிடைத்துவிட்டது. துருவேறியது, ஆனால் முழுசாக இருக்கிறது. அடியில் ஐந்து துளை, நடுவில் ஒன்று, சுற்றி நான்கு. நீர் வடிய நான் ஆணியால் போடுவது அப்படித்தான். சார்ஜெண்டிடம் கொட்டகையிலிருக்கும் மற்ற டப்பாக்களைக் காட்டினேன். பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். "எனக்குப் போதும்மா, கோர்ட்டுக்குப் போதாது" என்றார்.

இன்னொன்று. அன்று போலீஸ் ஏன் தேடவில்லை என்று நினைவிருக்கிறதா? "வீட்டுலேந்து என்ன கொண்டு போனாரு?" என்று கேட்டார்கள். பதியம் என்றேன். "சொல்லிட்டா எடுத்தாரு?" இல்லை என்றேன். அங்கேயே முடிந்துவிட்டது. நம் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கிளையைத் திருடித்தான் நடுவோம். கேட்டு வாங்கியது பட்டுப்போகும், திருடியது பிடிக்கும் என்று நினைப்பு. என் நாற்றங்காலுக்கு வருகிற பெண்கள் காசு கொடுத்து ஒன்று வாங்குவார்கள், மடிக்குள் ஒன்று ஒளிப்பார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் திருடுவது அடுத்தவர் வீட்டில். தன் வீட்டிலேயே திருடுகிறவன் அதை அடுத்தவர் வீடாக்கிவிட்டான் என்றுதானே அர்த்தம்? போலீஸ்காரர் அப்படி நினைத்தார். நீங்கள் நினைத்தீர்கள். நானும் நினைத்தேன். 'தானாக வெளியேறியவர்' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இப்போது யோசியுங்கள். அர்ஜென்டினா போகிறவன் கீழே சாலைக்கு இறங்க வேண்டும். அவர் கிடந்தது மேலே, பூரேன் பாதையில். 1994இல் அந்தப் பாதையின் அந்தப் பக்கம் யாருடைய வீடு இருந்தது?

ஜூலை முடிவுக்குள் ரத்தம் வராவிட்டால் கோன்செப்சியோன் பொதுக்குழியில் எண் போட்டு வைத்துவிடுவார்கள். அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து வந்த பெண் சொன்னது. மீதி எலும்புகள் கொடியின் வேருக்கு அடியில் இருக்கின்றன. அடுத்த மாதம் வெட்டித் தோண்டப் போகிறார்கள். காட்டுக் கோப்பீவேயைத் தொட வனத்துறை அனுமதி வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

எர்சிலியா

*

பூன்டா அரேனாஸ்
20 ஜூன் 2011

அண்ணி,

பூரேன் ஓரத்தில் எங்கள் வீடு இருந்தது. அந்தப் பாதை வேறு எந்த வீட்டுக்கும் போகாது.

நீங்கள் கேட்ட பிறகு ஒரு மதியச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. முழுசாக வரவில்லை, வந்ததை மட்டும் எழுதுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி நீங்கள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். நோரா சன்னல் வழியாகக் கொடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க புது வீட்டுக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றாள். நீங்கள் ரொட்டியைச் சாம்பலிலிருந்து எடுத்துத் தட்டிக்கொண்டே, "என்ன வேணா கேளு பொண்ணே, அது மட்டும் இந்த வாசலத் தாண்டாது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். லிசாந்த்ரோ நோராவைப் பார்த்துக் கண்ணடித்து, "கேட்டா எப்படிக் கெடைக்கும்? கேட்டது என்னைக்குப் பிடிச்சிருக்கு?" என்றான். அதற்கும் சிரித்தோம்.

சரியாக இதுதான் சொன்னானா, அல்லது இப்போது எனக்கு வேண்டியதை அவன் வாயில் வைக்கிறேனா என்று தெரியவில்லை. நோராவைக் கேட்க முடியாது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ மாற்றாமல் எழுதுங்கள்.

அவன் வருவதாக எங்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே வரவில்லை என்று நாங்கள் தேடவில்லை.

போன வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். நர்ஸ், பெரிய உடம்புக்காரி, சிலோவே தீவுக்காரி, ரப்பரைக் கட்டிவிட்டு, "யாருக்காகத் தாத்தா?" என்றாள். அண்ணனுக்கு என்றேன். "காணாமப் போனாரா, செத்துப் போனாரா? ரெண்டுக்கும் வேற வேற தாளு" என்றாள். நான் ரப்பரை அவிழ்த்துவிட்டு எழுந்தேன். "ஊசிக்கா இவ்ளோ பயம்? காது குத்தவா கூட்டிட்டு வந்திருக்கேன்?" என்று பின்னாலிருந்து கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வந்துவிட்டேன்.

எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

ஒனோஃப்ரே

*

வேகா ஓண்டா
8 ஜூலை 2011

தம்பி,

நினைவிருக்கிறது. நீ எழுதியதில் ஒன்றுதான் தவறு. நோரா என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, சேன்யோரா என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். புதிதாக வந்தவள், பயம். மற்றதெல்லாம் அப்படியே. அவர் கண்ணடித்ததை நான் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். கோன்செப்சியோனிலிருந்து மக்தா என்ற எலும்பு ஆய்வாளர் வந்தார். சின்னப் பெண், பிரஷ்ஷும் கரண்டியும் வைத்துக்கொண்டு மண்டியிட்டே வேலை செய்கிறவள். வேரை எடுத்துத் தர என்னைக் கூப்பிட்டாள். "வெட்டிப் போடறதுன்னா நானே வெட்டிருவேன். பொழைக்க வைக்க முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றாள். முடியாது என்று சொன்னேன். கோப்பீவே வேரைத் தொட்டால் போய்விடும். நர்சரித் தொட்டியிலிருந்து மாற்றினாலே பாதி போய்விடுகிறது. இது பதினேழு வருடம் ஒரே இடத்தில் இருந்த வேர். "அப்ப வேணாமா?" என்றாள். சரிவுக்கு மேலே சார்ஜெண்டும் அவருடைய ஆட்களும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். தோண்டு என்றேன்.

முழங்கால் உயரத்துக்கு மேலிருந்த கொடியை நானே அறுத்தேன். பூ இன்னும் இருந்தது. மரத்திலிருந்து இழுத்தபோது மணி மணியாக எல்லோர் தலையிலும் விழுந்தது. யாரும் தட்டிவிடவில்லை. ரீங்காரச் சிட்டு ஒன்று வந்து, பூ இருந்த உயரத்தில் காற்றில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

நான் நினைத்திருந்தது இது: அவர் விழுந்தார், கழுத்து முறிந்தது, டப்பா உருண்டது, செடி தன்பாட்டுக்கு வேர்பிடித்தது. அப்படி நடக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இளம் பதியம் டப்பாவோடு கவிழ்ந்தால் ஒரு கோடைக்குத் தாங்காது. டப்பாவின் துளை வழியாக ஒரு வேர்கூட வெளியே வந்திருக்கவில்லை. முன்பே எடுத்த அந்த டப்பா கிடந்ததும் ஒரு கை தூரத்தில், தனியாகக் கவிழ்த்து வைத்த நிலையில். வேரின் அடிக்கட்டு மண்ணுக்குள் சரியான ஆழத்தில் இருந்தது. கீழே இலைமட்கு, சுற்றிலும் வெறும் களிமண். மட்கை மரத்தடியிலிருந்து அள்ளிக் கொண்டுவந்து போட்டால்தான் அப்படி இருக்கும். வேருக்கு வடபுறம், வெயில் வரும் பக்கம், ஒரு தட்டைக் கல். வேர் குளிர்ச்சியாக இருக்க நம் வீட்டில் வைப்பது போல. அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் எப்போதும் மறந்துவிடுவார், நான் திட்டுவேன்.

மக்தா சொன்னது இவ்வளவு: வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. தலையில் காயம் இல்லை. உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்த நிலை. அந்த மரத்திலிருந்து செடி கைக்கு எட்டும் தூரம். "எவ்வளவு நேரம் உயிரோட இருந்திருப்பாரு?" என்று கேட்டேன். அவள் பிரஷ்ஷைத் துடைத்தாள். "எலும்பு அதச் சொல்லாதுங்க" என்றாள். பிறகு, "செடிய வச்சு நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன். நடக்க முடியாதவர் மட்கைக் கையால் இழுத்துச் சேர்த்து, குழி பறித்து, வேர் உடையாமல் டப்பாவைக் கழற்றி, நட்டு, கல் தேடி வைக்க அரை நாளாவது ஆகும். முதலில் கத்தியிருப்பார். சீட்டி அடித்திருப்பார். அது ஓய்ந்த பிறகுதான் செடியைக் கவனித்திருப்பார். அந்த நேரம் நான் வீட்டில் அவருடைய சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். தேடியிருந்தால் பாதையில் ஒரு மணி நேர நடை.

இவர் லிசாந்த்ரோ என்பதற்கு எனக்கு இனி ரத்தம் வேண்டாம். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்தால் எண் போட்ட குழிதான். உனக்கும் தெரிந்தால் பெயர் போடலாம்.

ஜூலை 29 வெள்ளிக்கிழமை கடைசி.

அண்ணி

*

பூன்டா அரேனாஸ்
25 ஜூலை 2011

அண்ணி,

உறுதியானது: 22ஆம் தேதி காலை என் ரத்தம் எடுக்கப்பட்டது. அன்று மாலை விமானத்தில் கோன்செப்சியோனுக்கு அனுப்பப்பட்டது. எடுத்தவள் அதே சிலோவேக்காரி. என்னைப் பார்த்ததும் இரண்டு தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள். நான் இரண்டாவதைக் காட்டினேன். ரப்பரைக் கட்டும்போது, "எந்த ஊரு தாத்தா?" என்றாள். சொன்னேன். "மரம் உள்ள ஊரு" என்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கோப்பீவேயைப் பத்து சென்டாவோ நாணயத்தில் பார்ப்பது போல் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள் என்று ஏதோ உளறினேன். அந்த நாணயத்தில் அந்தப் பூ கிடையாது. அவள் திருத்தவில்லை.

எஸ்கெல் பற்றி. நான் பார்த்தது ஒரு முதுகு. தோள், தொப்பி, நடை. முகம் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் அந்த ஆள் திரும்பியிருப்பான், திரும்பியிருந்தால் முகம் தெரிந்திருக்கும். அதனால்தான் கூப்பிடவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்த முதுகோடு பதினான்கு வருடம் இருந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த ஆள் பேருந்து நிலையத்தில் இல்லை. கண்ணை மூடினால் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தொப்பி மட்டும் பின்னால் தள்ளியிருக்கிறது.

தேடியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம். அந்த வாரம் நல்ல வெயில். நோராவும் நானும் வேலி போட்டுக்கொண்டிருந்தோம். பாதை எங்கள் வேலியில்தான் வந்து முடியும். அது எனக்கும் ஒரு மணி நேரம்தான்.

கதவு இப்போதும் அசைகிறது. எழுந்து போவதில்லை. எழுந்து போகாததுதான் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் 'தம்பி' என்று எழுதியதைப் பார்த்தேன்.

ஒனோஃப்ரே

*

வேகா ஓண்டா
19 ஆகஸ்ட் 2011

தம்பி,

உன் ரத்தம் வந்து சேர்ந்ததாக மக்தா தொலைபேசியில் சார்ஜெண்டிடம் சொல்லி, அவர் நேற்று வந்து என்னிடம் சொன்னார். பல்லிலிருந்து எடுத்த மரபணுவோடு ஒப்பிடுகிறார்கள். பழைய எலும்பு, ஈர மண், முதல் முறை சரியாக வரவில்லை. மறுபடி செய்கிறார்கள். முடிவு செப்டம்பர் 14, புதன்கிழமை. அதற்கு முன்னால் கேட்க வேண்டாம் என்றாளாம்.

கொடியைப் பற்றி நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேர்க்கட்டை மண்ணோடு தார்ப்பாயில் கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கொட்டகை நிழலில் இலைமட்குக் குழியில் இறக்கியிருக்கிறேன். தண்டில் பச்சை இருக்கிறது. அதை நம்பக் கூடாது. கோப்பீவே செத்த பிறகும் பல மாதம் பச்சையாக நிற்கும், இலைகூட உதிராது. நம்புவதற்கு வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் அந்தப் பச்சையைத்தான் பார்க்கிறோம். பிழைத்ததா என்பது வசந்தம் முற்றி, மண்ணிலிருந்து தளிர் வந்தால்தான் தெரியும். நவம்பர் ஆகலாம்.

ஊரில் எல்லோரும் முடிவு தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறார்கள். பாதிரியார் நாள் கேட்கிறார். தச்சர் நீளம் கேட்கிறார். ஓர்ஃபெலினா மட்டும், "வெள்ளச்சின்னு பேரு வச்சு பதிமூணு வருஷம் பக்கத்துல போகாம இருந்தோமேடி. ஆம்பளைக்குப் போய்ப் பொம்பளைப் பேரு வச்சோம், அவரு என்ன நெனச்சாரோ" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தச்சரிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நீதான் கேட்பாய். அவர் இல்லை என்று தாள் வந்தால்? டப்பா என்னுடையது, பூ என்னுடையது, கல் வைத்த விதம் என்னுடையது. ஆனால் டப்பாவை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். செடி நடத் தெரிந்தவர் இந்த மலையில் அவர் ஒருவர் இல்லை. நீ முதல் கடிதத்தில் எழுதியது எல்லாம் இன்னும் நடக்கக்கூடியதுதான். அப்படியானால் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறெங்கோ ஒரு வீடு, அங்கே ஒருத்தி. லிசாந்த்ரோ மறுபடியும் எங்கோ நடந்துகொண்டிருப்பார்.

இந்த நாலு மாதத்தில் நீயும் நானும் சேர்ந்துதான் அவரைப் புதைத்தோம். இல்லை என்று வந்தால் என்னால் தனியாகத் தோண்டி எடுக்க முடியாது. ஆம் என்று வந்தாலும் அந்தத் தாளைத் தனியாகப் பிரிக்க முடியாது. ஆகவே முடிவு வந்த பிறகு வராதே. முன்னால் வா. பூரேன் வழியாக வந்தால் பாதையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கீழ்ச் சாலை வழியாக வந்தால் கோன்டுல்மோவில் சார்ஜெண்டைக் கேள், ஏற்றி அனுப்புவார். எந்த வழி என்பது உன் இஷ்டம்.

முடிவு கோன்செப்சியோனிலிருந்து முதலில் காவல் நிலையத்துக்கு வரும். அங்கிருந்து சார்ஜெண்ட் குதிரையில் மேலே கொண்டு வருவார். புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார். மழை இருந்தால் மதியம்.

அண்ணி